ஸ்கிரீனிங்: திரை இல்லை, சல்லடை

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டம். வாசலில் கட்டியிருந்த பேனரிலேயே 'பெருங்குடல் புற்றுநோய்த் திரையிடல்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா, "படம் எப்ப தம்பி போடுவாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தமிழில் திரையிடுவது படத்தைத்தான்.

பேனரில் அப்படி மொழிபெயர்த்திருந்தது 'ஸ்கிரீனிங்' என்ற ஆங்கிலச் சொல்லை. உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாதவர்களிடம் நோயைத் தேடிப் பார்ப்பதுதான் ஸ்கிரீனிங். மலத்தில் ரத்தம் போகிறது என்று வந்தவருக்குச் செய்யும் சோதனை வேறு. ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்பது அனல் மறைக்கும் தட்டிக்கும் பெயர், நிலக்கரியும் தானியமும் சலிக்கும் சல்லடைக்கும் பெயர். மருத்துவத்துக்கு வந்தது சல்லடை.

'அகராதியில் திரை என்றுதானே இருக்கிறது' என்பார்கள். இருக்கட்டும். திரையின் வேலை மறைப்பது. வடலூரில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கினால்தான் ஜோதி தெரியும். நோயை வெளியே கொண்டுவரும் சோதனைக்குத் திரை போடுவது என்று பெயர் வைத்தால், சொல் சோதனைக்கு நேர் எதிராக நிற்கிறது. புதுச்சேரியில் இப்படி எழுதுவதற்குச் சாக்கே கிடையாது. இங்கே பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்கு 'தெப்பிஸ்தாழ்' என்று பெயர். தடம் பார்த்து வேட்டையைக் கண்டுபிடிப்பதிலிருந்து வந்த சொல். அங்கேயும் திரை இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் பொருளைக் கேட்காமல், அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்று மருத்துவத் தமிழில் பாதிக் குழப்பம் இதனால்தான்.

சிலர் 'வடிகட்டல்' என்கிறார்கள். வடிகட்டினால் மிஞ்சுவது சக்கை. மனிதரைச் சக்கையாக்க எனக்கு மனம் வரவில்லை. 'முன்பரிசோதனை' என்றால் எதற்கு முன்? ஆபரேஷனுக்கு முன்பா? நான் சொல்வது 'சல்லடைச் சோதனை'. 'போலீஸ் சல்லடை போட்டுத் தேடியது' என்று எல்லோரும் பேசுகிற தமிழ்தான் இது.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி உண்டு. சல்லடை என்றதும் அதன் ஓட்டைகளின் அளவும், அதைப் பிடித்திருக்கும் கையும் நினைவுக்கு வரும். ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அதுதான் முக்கியம். பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமா என்ற சின்னக் கட்டியை, ஒரு மருத்துவர் நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம் கண்டறிகிறார் என்று கணக்கு வைப்பார்கள். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 136 மருத்துவர்களிடம் இந்தக் கணக்கு 7.4 முதல் 52.5 சதவீதம் வரை இருந்தது. அது ஒரு சதவீதம் கூடினால், அவரிடம் சோதித்துக்கொண்டவருக்குப் பின்னால் புற்று வரும் வாய்ப்பு 3 சதவீதம் குறைந்தது.

அப்புறம் ஆண், பெண் கணக்கு. அடினோமா ஆண்களுக்குத்தான் அதிகம். அதனால் 2015-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள், மருத்துவர் எட்ட வேண்டிய அளவை ஆண்களுக்குக் குறைந்தது 30, பெண்களுக்கு 20 சதவீதம் என்று பிரித்தே வைத்தன. பெண்களையே அதிகம் பார்க்கும் மருத்துவரை ஆண்களின் அளவால் அளந்தால் திறமைக் குறைவு என்று வீணாகப் பழி வரும். பெண்களிடம் குறைவாகத்தானே இருக்கும் என்று குழாயை அவசரமாக வெளியே இழுத்தால் இருப்பதும் தவறிப்போகும். அதனால்தான் இழுக்கும்போது சராசரியாக 6 நிமிடமாவது குடலைப் பார்க்கச் சொன்னார்கள். 2024-இல் அதை 8 ஆக்கினார்கள்.

அந்தக் கூட்டத்துத் துண்டறிக்கையில் இந்தக் கணக்கை 'கட்டி விகிதம்' என்று அச்சிட்டிருந்தார்கள். படிப்பவர் அதை ஊரில் எத்தனை பேருக்குக் கட்டி என்றுதான் எடுத்துக்கொள்வார். அது மருத்துவரின் மதிப்பெண். 'கண்டறியும் வீதம்' என்று எழுத வேண்டும். கூட்டம் முடிந்ததும் அமைப்பாளரிடம் இரண்டையும் சொன்னேன். அடுத்த முறை பார்க்கலாம் சார் என்றார். பேனர் போகட்டும், துண்டறிக்கையையாவது மாற்றி அச்சடியுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.