காங்கின் குத்து சில இடத்தில் மட்டும் ஏன் கனமாக விழுகிறது?

‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கதையில் ஏகப்பட்ட ஓட்டை, ஆனாலும் மறுபடி மறுபடி பார்க்கிறேன், அது இருக்கட்டும், ஒரே காங் ஒரு ஷாட்டில் மலை மாதிரியும் அடுத்த ஷாட்டில் குரங்கு உடை போட்ட ஆள் மாதிரியும் தெரிவது ஏன்?

எனக்கும் 2021இல் வந்த அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். விமானம் தாங்கிக் கப்பலின் மேல் நின்றுகொண்டு காங் காட்ஸில்லாவின் தாடையில் விடும் அந்தக் குத்துக்காகவே கதையின் எல்லா ஓட்டைகளையும் மன்னித்துவிடலாம்.

முதலில் எல்லோரும் சொல்கிற விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காங்கின் உயரம் 100 மீட்டருக்குச் சற்று மேல். நிமிர்ந்து நிற்கும் நிஜக் கொரில்லாவைவிட 60 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். எடை 60இன் கனம், அதாவது 2,16,000 மடங்கு ஏறும். எலும்பின் குறுக்குப் பரப்போ 60இன் வர்க்கம், 3,600 மடங்குதான். எலும்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 60 மடங்கு பாரம் சுமக்க வேண்டும், சுமக்காது, நொறுங்கும். கலிலியோ 1638லேயே எழுதிவிட்டார். சரி.

ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது கண் எலும்பையா கணக்குப் பார்க்கிறது? அது பார்ப்பது நேரத்தை. எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்று மூளை முடிவு செய்கிறது, நமக்குத் தெரியாமலே.

வீட்டில் செய்து பாருங்கள். 25 சென்டிமீட்டர் நூலில் ஒரு சாவியைக் கட்டி ஆட்டினால், போய்த் திரும்ப ஏறக்குறைய 1 நொடி ஆகும். நூலை 1 மீட்டர் ஆக்கினால் 2 நொடி. நீளம் 4 மடங்கு, நேரம் 2 மடங்கு. 25 மீட்டர் கயிறு கிடைத்தால் 10 நொடி. மேலிருந்து விழும் பொருளுக்கும் இதே கணக்குதான்: 2 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.64 நொடி, 50 மீட்டரிலிருந்து விழ 3.2 நொடி. உயரம் 25 மடங்கு, நேரம் அதன் வர்க்கமூலமான 5 மடங்கு. ஈர்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் வருகிற விதி இது. பூமியில் பெரியதாக இருந்தால் நிதானமாகத்தான் ஆட முடியும், நிதானமாகத்தான் விழ முடியும்.

இதைத்தான் 1954இல் ஜப்பானின் தோஹோ ஸ்டுடியோவில், தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா பயன்படுத்திக்கொண்டார். முதல் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். 25இல் ஒரு பங்காகச் சுருக்கிய டோக்கியோ செட், உள்ளே சுமார் 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடையில் நடிகர் ஹருவோ நகாஜிமா. இந்த மனிதர் நடை பழகுவதற்காக உவெனோ விலங்குக்காட்சிச் சாலைக்குப் போய் யானைகளையும் கரடிகளையும் கவனித்தார். கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்து, தியேட்டரில் வழக்கமான நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் எல்லாம் மெதுவாகும். எவ்வளவு வேகம் வேண்டும்? 25இன் வர்க்கமூலம் 5, ஆகவே கணக்குப்படி 24ஐ 5ஆல் பெருக்கி 120 ஃபிரேம். இடிந்து விழும் ஒரு மீட்டர் உயரச் சுவர் அப்போது அசல் கட்டடத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டு விழும். எடையை எங்கும் சேர்க்கவில்லை, கடிகாரத்தை மட்டும் திருப்பினார்கள், அதிலேயே பார்ப்பவர் வயிற்றில் பாரம் இறங்குகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

வாசகருக்கான பதில் இப்போது எளிது. காங்குக்கு 60இன் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 8. கொரில்லா கால் நொடியில் வீசும் கையை காங் வீச 2 நொடி ஆக வேண்டும். படம் முழுக்க அப்படி எடுத்தால் சண்டை நகராது, அதனால் பரபரப்பான இடங்களில் கையை விரட்டுகிறார்கள், அந்த நொடியில் காங் சுருங்கிவிடுகிறது. கப்பல் மேல் விடும் குத்தில் கையை ஓங்குவதற்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

இதே விதியை வைத்துத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் கப்பல்களைச் சோதித்தார். 1872இல் இங்கிலாந்தின் டார்கீயில் நீளமான தொட்டி கட்டி அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். 25இல் ஒரு பங்கு மாதிரி என்றால் தூரம் 25இல் ஒரு பங்கு, நேரம் 5இல் ஒரு பங்கு, ஆகவே வேகமும் 5இல் ஒரு பங்கு. பொம்மைக் கப்பலை வைத்துக்கொண்டு நிஜக் கப்பலைப் பற்றி என்ன தெரியும் என்று பெரிய பொறியாளர்களே சந்தேகப்பட்டார்கள், ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுண்டு கொடுத்தது. இன்று சென்னை ஐஐடியில் அலைத் தொட்டி இருக்கிறது, புனே பக்கம் கடக்வாஸ்லாவில் அணைகளையும் துறைமுகங்களையும் மாதிரி கட்டிச் சோதிக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் விட்டு விளையாட வரிப்பணமா என்று பேசுபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. துறைமுகத்தைக் கட்டிய பிறகு கரை அரிக்கிறது என்று கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மலிவு, இன்னும் நிறையப் பணம் கொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கேமரா வேகத்தால் ஏமாற்ற முடியாது: தண்ணீர்த் துளி. அதன் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு தன்னை இறுக்கிச் சுருக்கிக்கொள்ளும் விசை, அது செட்டுக்குத் தகுந்தபடி சுருங்காது. 3 மில்லிமீட்டர் துளி, 25இல் ஒரு பங்கு கடலில் 7.5 சென்டிமீட்டர் உருண்டையாகத் தெரியும். பழைய படங்களில் கடல் வந்தவுடன் மாயம் கலைவது இதனால்தான்.

1962இல் வந்த ‘கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா’வில் காங் உடை படுமோசம், கம்பளி உரிந்த மாதிரி இருக்கும், சண்டை மல்யுத்தம் போல இருக்கும். அதே படத்தில் ஒரு ராட்சத ஆக்டோபஸ் கிராமத்துக்குள் வருகிறது, சில ஷாட்களில் அது உயிருள்ள ஆக்டோபஸ், சின்னக் குடிசைகள் மேல் விட்டு எடுத்தது. எலும்பில்லாத உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்தால் தன் பாரத்திலேயே துவண்டுவிடுகிறது, கையைத் தூக்கவே பாடுபடுகிறது. அந்தத் தவிப்பைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும், நகர்வு அத்தனை நிதானமாகி, ராட்சதனுக்கு வேண்டிய எடை தானாக வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். எந்த கம்ப்யூட்டர் ஆக்டோபஸும் எனக்கு அவ்வளவு பெரியதாகத் தெரிந்ததில்லை.