சக்கரத்தில் ஏறும் கம்மாலை: ட்ரெயிலர் கட்டுமுன் பாரக் கணக்கு

அலவாங்குக்கு முனை வைக்கவும் மண்வெட்டியைக் காய்ச்சி அடிக்கவும் தோட்டத்துக்கே உலையைக் கொண்டுபோனால் வேலைக்குக் குறைவிராது. ஆனால் உலைக்கும் ஊதிக்கும் மண்டையை உடைக்கிறவர்கள் பாரத்தை எங்கே வைப்பதென்று யோசிப்பதில்லை. பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

15 சென்ரிமீற்றர் சதுரமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட உருக்குக் கட்டி ஏறத்தாழ 70 கிலோ. இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு அது தாராளம். அதை ட்ரெயிலரின் பின்பக்கம் வைத்தால், இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொளுவியின் பாரம் குறையும். லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் வேகத்தில் இது தெரியாது. பிக்கப்பில் பூட்டி ஏ-9 வீதியில் வேகம் கூட்டினால் ட்ரெயிலர் பெட்டி வாலாட்டத் தொடங்கும். சடுதியாக பிரேக் போட்டால் வண்டியையே திருப்பிவிடும். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொளுவியில் இறங்க வேண்டும்: 600 கிலோவுக்கு 60 முதல் 90 கிலோ. வெங்காயம் நிறுக்கும் மேடைத் தராசில் கட்டை வைத்து, ஓடும்போது இருக்கும் உயரத்தில் கொளுவியை இறக்கினால் கணக்குத் தெரிந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: கரியும் தண்ணீரும் வேலையில் தீர்ந்துபோகிறவை. அவற்றை முன்னுக்கு ஏற்றினால், காலையில் சரியாக இருந்த பாரம் திரும்பி வரும்போது பின்னுக்குச் சாயும். தீர்ந்துபோகிறவை அச்சுக்கு நேர்மேலே; பட்டடை அச்சுக்குச் சற்று முன்னே, நடுவில். கட்டுவதற்குச் சங்கிலியும் இறுக்கியும் வேண்டும். கயிறு தணலில் எரியும்.

பட்டடையை ட்ரெயிலர் தட்டில் வைத்தே அடிக்கலாமா? என் பதில், வேண்டாம். தட்டு 65 சென்ரிமீற்றர் உயரம், கட்டியை நிமிர்த்தினால் இன்னும் 40. சம்மட்டி முழங்கை மட்டத்தில் விழும். அடியின் ஒரு பகுதியை வில்லுத்தகடும் ரயரும் விழுங்கிவிடும். நிலத்தில் 35 சென்ரிமீற்றர் குற்றியில் நிறுத்தினால், கை தொங்கும்போது கைமுட்டி நிற்கும் மட்டம் பலருக்குச் சரியாக வரும். பனங்குற்றி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்தான். ஆனால் வெளிவைரம் கடினம், உட்சோறு மெது, நடுவில் பட்டடை புதையும். புளி அல்லது வேம்பு நல்லது.

புகைக்குழாய்க்கு நாகம் (துத்தநாகம்) பூசிய ஜிஐ குழாயும் உலைக்கருகே நாகம் பூசிய தகரமும் கூடாது. நாகம் 420 பாகையளவில் உருகும், 907 பாகையில் கொதிக்கும். காய்ச்சிய இரும்பு அதையும் தாண்டும். அந்த வெண்புகையைச் சுவாசித்தால் சில மணித்தியாலங்களில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். வெறும் தடிமன் காய்ச்சல் என்று இருக்காமல், வைத்தியரிடம் நாகப் புகை பட்டதைச் சொல்ல வேண்டும். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். பூச்சில்லாத 2 மில்லிமீற்றர் கறுப்புத் தகட்டில் 8 அங்குலத்துக்குக் குறையாத குழாய் செய்யுங்கள். சிரட்டைக்கரி புகையாமலே காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் கக்கும். மூடிய பெட்டிக்குள் உலை மூட்டவே கூடாது.

எரிவாயு உலையென்றால் 12.5 கிலோ சிலிண்டர் பெட்டிக்கு வெளியே, நிமிர்ந்தபடி. வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் அடித்தட்டில் தேங்கும். தட்டில் துளைகள் விடுங்கள். சமையலறை ரெகுலேற்றர் இந்த உலைக்குப் போதாது.

வெயிலில் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் இரும்பை மேலும் காய்ச்சி எரித்துவிடுகிறார்கள். பொறி பறந்தால் அந்த முனை வெட்டியெறியத்தான். ஆகவே நிழல் கட்டாயம். ஆனால் சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் நிழல் தேடி கிடுகு வேலிக்குக் காற்றுமேலே நிறுத்தினால் பொறி நேரே வேலிக்குப் போகும். வேலி காற்று வரும் பக்கம் இருக்கட்டும்.

புறப்படுமுன் தணலை, மூடி போட்ட இரும்புப் பெட்டிக்கு மாற்றித் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். மேலே சாம்பலாய்த் தெரிகிற கரி ஓட்டக் காற்றில் மீண்டும் மூளும், சாரதிக்கு அது பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தபிறகுதான் தெரியும்.