ஹெட்ஜ் ஸ்கூல்: வேலியோரப் பள்ளி

அயர்லாந்தின் கிராமங்களில் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆசிரியர்கள் தாமாகவே கட்டணம் வாங்கி நடத்திய பள்ளி. சட்டத்துக்கு அஞ்சிப் பிறந்தது. சட்டம் தளர்ந்த பிறகும் நிலைத்தது.

கத்தோலிக்கர் பள்ளி நடத்தவும், பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பவும் 1695ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. வாத்தியார்கள் வேலி மறைவுக்குப் போனார்கள். ஐரிஷ் மொழியில் இதற்கு வேலியருகுப் பள்ளி என்றே பெயர். அதில் வரும் 'கிளீ' என்ற சொல் மண்ணையும் கல்லையும் குவித்து எழுப்பிய கரையைக் குறிக்கும். காற்றுக்கும் கண்ணுக்கும் அது நல்ல மறைப்பு. ஆங்கிலத்திலோ வேலியைக் குறிக்கும் 'ஹெட்ஜ்' என்பதை முன்னொட்டாகச் சேர்த்தால் மட்டமானது என்றும் முன்பு பொருள் வந்தது. படிப்பில்லாத பாதிரியாரை 'ஹெட்ஜ் பிரீஸ்ட்' என்றார்கள். பள்ளியின் பெயரிலும் அந்த ஏளனம் ஒட்டிக்கொண்டது.

1782இல் தடை தளர்ந்ததும் வகுப்புகள் பெரும்பாலும் களஞ்சியங்களுக்கும் மண்குடிசைகளுக்கும் நகர்ந்தன. பெயர் மட்டும் வேலியை விடவில்லை. 1824இல் அரசு விசாரித்தபோது கட்டணப் பள்ளிகள் 9,000க்கும் மேல் இருந்தன. மட்டம் என்று ஒதுக்கக்கூடிய எண்ணிக்கையா இது?

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளை எழுதி வாங்கியது. பழைய பள்ளிகளும் அதில் ஒரு தலைப்பு. உட்காரக் கல்லோ புல்கட்டியோ. குளிர்காலத்தில் அடுப்புக்காக ஆளுக்கொரு கரிமண் கட்டி. காசில்லாத வீட்டிலிருந்து வெண்ணெயும் முட்டையும். வாத்தியாருக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறும் படுக்கையும். வாசிப்புக்குக் கட்டணம் குறைவு, கணக்குக்குக் கூடுதல். கெர்ரி வட்டாரத்தில் சில வாத்தியார்கள் லத்தீனும் சொல்லிக்கொடுத்தார்கள். 1831இல் அரசு தேசியப் பள்ளிகளைத் தொடங்கியதும் இவை மெல்ல மறைந்தன.

தமிழில் 'திண்ணைப் பள்ளி' என்று எழுத ஆசை வரும். வாத்தியாருக்குப் படியளப்பது வரை ஒற்றுமை உண்டு. ஆனால் திண்ணையில் ஒளிவுமறைவு ஏது? 'வேலிப் பள்ளி' என்று சுருக்கினால் வேலியடைத்த பள்ளியாகிவிடும். 'வேலியோரப் பள்ளி' என்பதே பொருந்தும்.

எ.கா.: கவிஞர் பிரையன் மெரிமன் கிளேர் மாவட்டத்தின் ஃபீக்கிள் ஊர்ப்பக்கம் வேலியோரப் பள்ளி நடத்தியவர்.