ஈசி மீட்டர் காட்டுவது ‘வலிமை’யா?

‘ஊட்டச்சத்து வலிமையை அளவிடவும்.’ இந்த வாக்கியத்தை இந்த மாதம் மட்டும் நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். ஒரு உரப் பாக்கெட்டின் பின்பக்கம், ஒரு பயிற்சிக் கையேடு, இரண்டு காணொளிகள். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைதான் எங்கள் ஊர், அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே குடில் போட்டு ஹைட்ரோபோனிக்ஸில், அதாவது மண் இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில், லெட்யூஸும் கீரையும் வளர்க்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். அந்தத் தண்ணீரில் மீட்டரை விட்டு அளப்பதைத்தான் ‘ஈசி எவ்வளவு?’ என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம்; எலக்ட்ரிகல் கண்டக்டிவிட்டி என்பதன் சுருக்கம் அது. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லோருக்கும் ஒரே பொருள்தான் புரிகிறது. தமிழில் எழுதித் தருகிறேன் என்று உட்கார்கிறவர்கள்தான் ஆங்கில ‘ஸ்ட்ரெங்த்’தை வலிமை என்று எழுதிக் குழப்புகிறார்கள்.

ஈசி என்பதன் தமிழ் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மண் பரிசோதனை அறிக்கையில் ‘மின்கடத்தும் திறன்’ என்று இருக்கும், அதேதான். கட என்றால் தான் கடப்பது, கடத்து என்றால் கடக்க வைப்பது; நட, நடத்து மாதிரி. மின்சாரத்தைத் தன் வழியே கடக்கவிடும் திறன். ‘கடத்தல்’ என்று மட்டும் எழுதினால் செக்போஸ்ட் ஊர்க்காரர்களான எங்களுக்கு ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும், அதனால் ‘மின்’ என்ற முன்னொட்டை விட்டுவிடாதீர்கள். ‘மின்கடத்தி மீட்டர்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மின்கடத்தி என்பது செம்புக் கம்பி, மீட்டர் அளப்பது கம்பியை அல்ல. பாடப்புத்தகக் கணக்கில் மின்தடை வேறு, மின்தடை எண் வேறு என்பதுபோல இதையும் ‘மின்கடத்து எண்’ என்று சொல்வது இன்னும் கறாரானது. ஆனால் விவசாயி கையில் இருக்கும் அறிக்கையில் திறன் என்று ஊறிவிட்டது, நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

சரி, வலிமை ஏன் தப்பு என்பதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன வருஷம்தான் இதில் இறங்கினார். தமிழில் அச்சடித்த ஒரு துண்டுக் காகிதம் அவரிடம் இருந்தது, ‘வலிமை 1.6 வரும்வரை சத்து சேர்க்கவும்’ என்று. தொட்டியில் மீட்டரை விட்டால் 1.1. வீட்டில் யூரியா இருந்தது. யூரியாவும் சத்துதானே, தழைச்சத்து. ஒரு சிரட்டை போட்டுக் கலக்கினார், மீட்டர் அசையவில்லை. இன்னொரு சிரட்டை. அப்போதும் 1.1. அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்: “ஏனுங் தம்பி, இத்தனை போட்டும் வலிமை ஏறவே மாட்டேங்குதே, மீட்டர் கெட்டுப்போச்சா?”

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் இதெல்லாம் உப்புகள். தண்ணீரில் விழுந்ததும் அயனிகளாகப் பிரிந்துவிடும், அந்த அயனிகள்தான் மின்சாரத்தைக் கடத்துகின்றன. யூரியா அப்படிப் பிரியாது, முழு மூலக்கூறாகவே கரைந்து கிடக்கும். எவ்வளவு கொட்டினாலும் முள் நகராது. காகிதத்தில் ‘மின்கடத்துதிறன்’ என்று இருந்திருந்தால் அண்ணன் யூரியா போடுமுன் இது மின்சார விஷயமாச்சே, யூரியாவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பார். ‘வலிமை’ என்று படித்தவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது? சத்து போட்டால் வலிமை ஏற வேண்டும், அவ்வளவுதான். நாலே நாளில் இலை ஓரம் கருகி, வேரெல்லாம் பழுப்பேறி வழுவழுவென்று ஆகி, தொட்டி முழுக்கக் கீழே ஊற்றினோம். ஒரு தப்பான சொல் ஒரு நடவையே தின்றுவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் சப்பென்ற தண்ணீர் கிடையாது, ஒரு சொட்டு உரம் சேர்க்காமலே 0.9 காட்டும். அதில் உரம் கலந்து 1.6 கொண்டுவந்தால் நான் கொடுத்தது 0.7 மட்டும்தான், மீதி எல்லாம் நிலத்தடி உப்பு. மீட்டருக்கு எது கால்சியம், எது சோடியம் என்று தெரியாது. அப்படியிருக்க அந்த எண்ணுக்கு ‘ஊட்டச்சத்து’ என்று பெயர் வைப்பதே முதல் பொய், ‘வலிமை’ இரண்டாவது.

மொழியாகவே பார்ப்போம். கயிற்றுக்கு வலிமை உண்டு, உடம்புக்கு உண்டு, தடுப்பணைக்கு உண்டு. தாங்குவதற்கும் மோதுவதற்கும் உள்ள சொல் அது. திரவத்துக்கு நம் ஆட்கள் வலிமை என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? மோர் நீர்த்துப்போகும், பால் கெட்டியாக இருக்கும், கஷாயம் சுண்டும், சாராயம் காட்டமாக இருக்கும். இங்கே டீக்கடையில் மலையாளத்தில் ‘கடுப்பம்’ என்று கேட்பார்கள், நாங்களும் பழக்கத்தில் அப்படியே கேட்கிறோம். வலிமையாக ஒரு டீ போடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேதியியலில் இருக்கிறது. அங்கே வலிமைக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. வலிமை மிகு அமிலம் என்றால் நீரில் ஏறக்குறைய முழுதாக அயனியாகிவிடும் அமிலம். வலிமை குறைந்த அமிலம் என்றால் கொஞ்சமே அயனியாவது. அதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு நீர்த்த, அடர் என்ற சொற்கள், பொதுப்பெயராகச் செறிவு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை எவ்வளவு செறிவாக்கினாலும் அது வலிமை குறைந்த அமிலம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும் இந்த இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார். தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவை, இறக்க நாங்கள் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றுகிறோம், அந்தப் பாட்டிலும் ஈசி மீட்டரும் ஒரே மேஜையில் இருக்கின்றன. இரண்டுக்கும் ‘வலிமை’ என்று எழுதினால் வேலைக்கு வரும் பையன் எதை நம்புவான்?

நமக்கு வேண்டிய சொல் செறிவு. செறி என்றால் நெருங்கு, அடர்ந்திரு. குறளில் செறிவு அடக்கத்தைக் குறிக்கும், அதுவும் உள்ளே இறுக்கிப் பிடித்திருப்பது என்ற பொருளிலிருந்து வந்ததுதான். கரைசலில் உப்பு நெருக்கமாக இருக்கிறதா, விலகி இருக்கிறதா என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? ‘அரை வலிமைக் கரைசல்’ என்று எழுதுகிறார்களே, அதை ‘அரைச்செறிவுக் கரைசல்’ என்று எழுதிப் பாருங்கள், உடனே பாதித் தண்ணீர் என்று விளங்கிவிடும்.

அளப்பது மின்கடத்துதிறன், அதை வைத்து நாம் ஊகிப்பது செறிவு. இரண்டையும் இரண்டு சொல்லாகவே வைத்திருக்க வேண்டும். ‘உப்புத்தன்மை’ என்று எழுதுகிறவர்கள் பரவாயில்லை, பாதி சரி. ஆனால் உப்பு என்றதும் நம் ஆள் பயந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்.

அலகுகளிலும் இதே அலட்சியம். மண் அறிக்கையில் டெசிசீமென்ஸ் பெர் மீட்டர், பேனா மீட்டரில் மில்லிசீமென்ஸ் பெர் சென்டிமீட்டர், இரண்டும் ஒரே எண்தான், நான் பார்த்த எந்தக் கையேடும் சொல்வதில்லை. தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் இன்னும் மோசம். அதுவும் உள்ளே மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது, அப்புறம் ஒரு கம்பெனி 500 ஆல் பெருக்கும், இன்னொரு கம்பெனி 700 ஆல் பெருக்கும். அதே 1.6 ஒன்றில் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு), இன்னொன்றில் 1120. எந்தப் பெருக்கல் என்று சொல்லாமல் ‘வலிமை 800 வைக்கவும்’ என்று அச்சடித்தால் என்ன செய்வது? ஆங்கிலக் காகிதத்தை வரிக்கு வரி மாற்றுகிறவர் ஒருநாளாவது ஒரு தொட்டி மூடியைத் திறந்து பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டார். ஒரு பக்கத்தை மொழிபெயர்க்குமுன் அந்த வேலை செய்கிறவர் ஒருவரிடம் படித்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அண்ணன் இந்தத் தடவை தொட்டி மூடியில் வெள்ளை பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். மேலே ‘தண்ணி 0.9’, அதற்குக் கீழே ‘கலந்த பிறகு மி.க.தி. 1.6’, ஓரத்தில் சின்னதாக ‘யூரியா வேண்டாம்’.