லேட்டன்ட் டிஃபெக்ட்: மறைந்த குறையா, மறைத்த குறையா?

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் சித்தப்பா போனில் கூப்பிட்டு, "சுவருக்கு அம்மை போட்டிருக்குடா, வந்து பாரு" என்றார். சென்னைப் புறநகரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ஃபிளாட், சித்திரை வெயிலில் பார்த்து வாங்கியது. அலமாரியை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை விரலால் அழுத்தினேன், உடைந்து தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. பிய்ந்த இடத்தில் புதுப் பெயின்ட், அதன் கீழே பட்டி, அதன் கீழே பழைய பெயின்ட், அதற்கும் கீழே இன்னொரு தடவை பட்டி பார்த்த தடயம், எல்லாவற்றுக்கும் அடியில் உப்புப் பூத்து மாவாக உதிரும் காரை. விற்றவரைக் கேட்டால், "நாங்க இருந்த ஒன்பது வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகல சார்" என்கிறார்.

வக்கீலிடம் போனோம். படங்களைப் பார்த்துவிட்டு, "இது லேட்டன்ட் டிஃபெக்ட்" என்றார். கூட வந்த புரோக்கர் தலையாட்டி, "ஆமா, லேட்டாத்தானே தெரியும்" என்றார். நல்ல விளக்கம்தான், ஆனால் தப்பு. லேட் என்பது பழைய ஆங்கிலச் சொல். லேட்டன்ட் லத்தீனிலிருந்து வந்தது, 'லாத்தெரே' என்ற வினைக்கு ஒளிந்து கிடத்தல் என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல்லும் லத்தீனில்தான் இருக்கிறது: 'பாத்தெரே', திறந்து கிடத்தல். அதிலிருந்து வந்ததுதான் பேட்டன்ட். கண்டுபிடிப்புக்கு வாங்குகிற பேட்டன்டும் இதே சொல்தான், எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்த அரசாணைக் கடிதம் என்ற பொருளில் தொடங்கியது. ஆக, கூடத்துச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தால் அது பேட்டன்ட் டிஃபெக்ட், வெளிப்படைக் குறை. பார்த்துத்தானே வாங்கினாய் என்று சட்டம் கேட்கும். அலமாரிக்குப் பின்னால், இரண்டு அடுக்குப் பட்டிக்குப் பின்னால் இருப்பது லேட்டன்ட்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. விற்பவரின் கடமைகளில் முதலாவதாகவே இதைச் சொல்கிறது. சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருந்தால், விற்பவர் அதை வாய் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று பிரிவின் கடைசியில் தனியாக ஒரு வரி உண்டு. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், சும்மா இருப்பது மட்டுமே மோசடி ஆகாது, பேச வேண்டிய கடமை இருந்தால்தான் மௌனம் மோசடி என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. அந்தப் பேச வேண்டிய கடமையை வீட்டு விற்பனையில் உண்டாக்குவது இந்த 55-ஆம் பிரிவுதான்.

சரி, இதற்குத் தமிழ் என்ன?

உள்ளார்ந்த குறை என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. உள்ளார்ந்தது என்றால் பொருளின் இயல்பிலேயே இருப்பது. மரம் என்றால் கரையான் அரிக்கும், அது உள்ளார்ந்தது, யாரும் ஒளிக்கவில்லை. உள்ளுறைக் குறை என்பது பரவாயில்லை, நம் பள்ளிப் புத்தகத்தில் லேட்டன்ட் ஹீட்டை உள்ளுறை வெப்பம் என்றுதான் படித்தோம். ஆனால் உள்ளுறை என்றதும் தமிழ் படித்தவர்களுக்குச் சங்கப் பாட்டின் உள்ளுறை உவமம் நினைவுக்கு வரும், ஒழுகுகிற சுவருக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் அதே வெப்பத்துக்கு மறைவெப்பம் என்று பெயர், அது எனக்கு இன்னும் நேராகப் படுகிறது. அந்த வழியில் போனால் மறைகுறை. சின்னச் சொல், கேட்டதும் புரிகிறது. பழுது என்று முடிக்கலாமா என்றும் யோசித்தேன். பழுது என்றால் நன்றாக இருந்து பிறகு கெட்டது. குறை முதல் நாளிலிருந்தே இருக்கலாம். தளம் போடும்போதே சரிவு விடாமல் போட்டிருந்தால் அது பழுதல்ல, குறை. அதனால் குறையே இருக்கட்டும்.

மறைகுறை என்பது வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். (சித்தப்பா வீட்டுச் சுவரையும் ஊறுசுவர் என்று சொல்லலாம், மூன்று காலத்துக்கும் பொருந்தும்.) ஆனால் வினைத்தொகை காலத்தை மட்டும் மறைப்பதில்லை, இந்த இடத்தில் ஆளையும் மறைத்துவிடுகிறது. மறை என்ற வேர் இரண்டு பக்கமும் போகும். தானே மறைந்தால் தன்வினை, ஒருவர் மறைத்தால் பிறவினை. மறைந்த குறையா, மறைத்த குறையா? ஓர் எழுத்துதான் வித்தியாசம், வழக்கே அந்த எழுத்தில்தான் நிற்கிறது. லத்தீன் சொல் தன்வினை, தானாக ஒளிந்து கிடப்பதைச் சொல்கிறது. ஆனால் நம் சட்டம் அது கிடந்தால் மட்டும் போதாது, விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அவருக்கும் தெரியாமல் தளத்துக்குள் ஒரு குழாய் நீர்விட்டுக்கொண்டிருந்தால் 55-ஆம் பிரிவு அவரைத் தொடாது. அது மறைந்த குறை, அவ்வளவுதான். தெரிந்து பட்டி பார்த்திருந்தால் மறைத்த குறை.

பிரான்சில் இது அப்படியே தலைகீழ். அங்கே இதற்கு 'வீஸ் காஷே' என்று பெயர், காஷே என்றால் ஒளிக்கப்பட்டது, சொல்லளவில் பிறவினை. ஆனால் அவர்களின் சிவில் சட்டத் தொகுப்பின் 1641 முதலான விதிகள்படி விற்றவருக்கே தெரியாத குறைக்கும் அவர்தான் பொறுப்பு. தெரியாத குறைக்குப் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால் தப்பிக்கலாம், தெரிந்து மறைத்தவரை அந்த வரி காப்பாற்றாது. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பாரிஸ் பக்கம் வீடு வாங்குகிற புதுச்சேரிக்காரர்களுக்கு இது பழக்கமான சொல்லாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு சட்டம். நியூயார்க்கில் வீட்டின் நிலைமையை விற்பவர் ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும், வேண்டாமென்றால் விலையில் 500 டாலர் கழித்துக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று பல வருடம் இருந்தது. 2024 மார்ச்சில் அந்த 500 டாலர் வழியை அடைத்து, வெள்ளம் பற்றிய கேள்விகளையும் படிவத்தில் சேர்த்தார்கள். நம்மிடம் படிவம் இல்லை, கடமை மட்டும் இருக்கிறது.

நம் கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள், தமிழ் எவ்வளவு வக்கணையாக ஓடுகிறது! "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் இருப்பதாகத் தெரியவந்தால் அதனை நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன் என்றும் உறுதி கூறுகிறேன்." சித்தப்பா இந்த வரியில் விரலை வைத்து, "இதோ, எழுதிக் குடுத்திருக்கானே" என்றார். பேச்சுவழக்கில் எந்தத் தொல்லையும் வில்லங்கம்தான், சுவர் ஒழுகுவதும் வில்லங்கம்தான். பத்திரத்தில் அப்படி இல்லை. அடமானம், கடன், ஜப்தி, இன்னொருவரோடு போட்ட அக்ரிமென்ட், பாகத் தகராறு, அதாவது உரிமையின் மேல் விழும் சுமைதான் அங்கே வில்லங்கம். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. காகிதத்தின் குறைக்கு இத்தனை சொல் வைத்திருக்கிற பத்திரம், கட்டடத்தின் உடம்பில் இருக்கும் குறைக்கு ஒரு சொல்கூட வைத்திருக்கவில்லை.

அந்தக் குறையையும் எல்லாரும் 'சீப்பேஜ்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், தமிழில் அப்படி இல்லை. மேலிருந்து வந்தால் ஒழுகல். குழாய் மூட்டிலிருந்தோ பக்கத்துக் குளியலறையிலிருந்தோ வந்தால் கசிவு. தரையிலிருந்து சுவரில் ஏறினால் ஓதம். ஓதம் அருமையான சொல், கடலுக்கும் அலைக்கும் வெள்ளத்துக்கும் பழைய பாட்டுகளில் வரும் அதே சொல், கரையில் ஏறுவதும் ஓதம், சுவரில் ஏறுவதும் ஓதம். நோட்டீஸ் எழுதும்போது இந்த மூன்றில் எது என்று சொல்வது முக்கியம், ஏனென்றால் ஒழுகலுக்குக் காரணம் மொட்டைமாடியில் பதித்த தட்டோடு, அது ஃபிளாட்காரர்கள் சங்கத்தின் பொதுச் சொத்து. கசிவு என்றால் பக்கத்து வீட்டுக்காரர். ஓதம் என்றால் அஸ்திவாரம் போட்டவர்.

கட்டியவர் என்றதும் இன்னொன்று. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்கிறோமே, அதன் 14-ஆம் பிரிவுப்படி சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், கட்டுமான நிறுவனம் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இங்கே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கேள்வியே இல்லை, மறைந்ததும் மறைத்ததும் ஒன்றுதான். அந்த 5 வருடத்துக்குள் முதல் ஆளிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கியவரும் கேட்கலாம். சித்தப்பாவின் கட்டடம் பழையது, அந்த வழி மூடிவிட்டது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதில் ரெரா வராது, திரும்பவும் 1882-க்குத்தான் வர வேண்டும்.

அங்கே சிக்கல் நிரூபிப்பதில்தான். சாதாரணக் கவனம் என்றால் எவ்வளவு? விற்பவரின் அலமாரியை நகர்த்திப் பார்க்க வேண்டுமா? நான் வேண்டாம் என்பேன், எதிர் வக்கீல் வேண்டும் என்பார். முடிச்சூர், வேளச்சேரி மாதிரி 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே பார்த்த இடத்தில் தரைத்தள வீட்டை வாங்கிவிட்டு, தண்ணீர் வரும் என்று சொல்லவில்லையே என்றால் அது எடுபடுவது கஷ்டம், டீக்கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். அப்புறம், விற்றவருக்குத் தெரியும் என்பதை எப்படிக் காட்டுவது? அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாதே.

எங்களுக்கு அது ஒரு பழைய ஃபைலில் கிடைத்தது. சங்கத்துச் செயலாளர் அம்மா எதற்கோ தேடும்போது கண்ணில் பட்டதாம். விற்ற மனிதர் மூன்று வருடத்துக்கு முன் தன் கையால் எழுதிய புகார்க் கடிதம்: "மொட்டைமாடித் தண்ணீர் என் படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது, ஒவ்வொரு மழைக்கும் இதே அவஸ்தை, உடனே தட்டோடு மாற்றவும்." கீழே கையெழுத்து, தேதி. மறைந்த குறை மறைத்த குறையாக மாறியது அந்தத் தாளில்தான். வக்கீல் நகலை நோட்டீஸோடு இணைத்தார். விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கிரயத்தையே ரத்துசெய்யக் கேட்கலாம் என்றும் எழுதினார். சித்தப்பாவுக்கு வீடு வேண்டும், ரத்து வேண்டாம், செலவு வந்தால் போதும். பத்து நாளில் அந்த மனிதரே வந்தார், சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார், ரிப்பேர் செலவில் முக்கால் பங்குக்கு ஒத்துக்கொண்டார்.

தை மாதம் சித்தப்பா தன் பழைய வீட்டை விற்கப் போனபோது நானும் போயிருந்தேன். பத்திர எழுத்தர் வழக்கமான வில்லங்க வரியை அடித்து முடித்ததும், "இன்னொரு வரி சேருங்க" என்றார் சித்தப்பா. சமையலறைக்குப் பின்சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், அதை வாங்குபவருக்கு நேரில் காட்டியாயிற்று என்று. எழுத்தர் கையை எடுத்துவிட்டு வாங்குபவரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார். "விக்கிறவங்க யாரும் இப்படிக் கேட்டு நான் எழுதினதில்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுத்தர் கேட்டார்: "ஓதத்துக்குக் குறில் 'ஒ'வா, நெடில் 'ஓ'வா?"