விரலால் படிக்கும் உடற்கூறு

திருகோணமலையில் தாதிய மாணவர்களுக்கும் சித்த மருத்துவ மாணவர்களுக்கும் பல வருடங்களாக உடற்கூறு படிப்பிக்கிறேன். தொடக்க காலத்தில் ஒருநாள், வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவரிடம் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பைப் பற்றிக் கேட்டேன். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் எல் 4 முதல் எஸ் 3 வரையான அதன் வேர்கள், பிட்டத் தசைக்கு அடியில் அது வரும் வழி, முழங்காலுக்குப் பின்புறம் இரண்டாகப் பிரிவது எல்லாவற்றையும் தடங்கலின்றிச் சொன்னார். "சரி பிள்ளை, உங்கட உடம்பில அது எதால போகுது, காட்டுங்கோ" என்றேன். கை அந்தரத்தில் நின்றது. அடுத்த மாதம் வார்டில் ஊசி போட வேண்டியவர் அவர். பிழை அவரில் இல்லை. நான் பலகையில் எழுதிப்போட்டதைத்தான் அவர் படித்திருந்தார்.

அந்தப் பாடத்தை இப்போது கதிரையில் இருந்தபடி தொடங்குகிறோம். இருக்கும்போது பலகையில் அழுத்துகிற எலும்பை ஒரு விரலால் தொடச் சொல்வேன். தொடையின் வெளிப்பக்கம் மேலே முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பை மற்ற விரலால். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில்தான் அந்த நரம்பு தொடைக்கு இறங்குகிறது. பிட்டத்தில் ஊசி போடுவதென்றால் அதை நான்காகப் பிரித்தால் வரும் மேல்-வெளிப் பகுதியில் ஏன் போட வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்கத் தேவையில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள். பிழையான இடத்தில் இறங்கிய ஊசி, ஒருவரால் பாதத்தைத் தூக்க முடியாமலே செய்துவிடலாம். தசை மெலிந்த குழந்தைகளிடம் இன்னும் கவனம் வேண்டும்.

தொட்டுப் படிப்பதில் கூச்சம் இருக்கும். எங்கள் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெண்கள் பெண்களோடு, ஆண்கள் ஆண்களோடு. தொடுவதற்கு முன் "தொடட்டா?" என்று கேட்க வேண்டும். விருப்பமில்லாதவர் தன் உடம்பிலேயே தேடலாம். நோயாளியிடம் அனுமதி கேட்கிற பழக்கமும் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இதயத்துக்கு மட்டும் இறைச்சிக் கடைக்குப் போவேன். ஆட்டு இதயமும் நான்கு அறை கொண்டதுதான். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் அந்தப் பாடத்தைத் தள்ளி வைப்பேன். பெருநாடியின் வெட்டுவாய் வழியாக மெல்லத் தண்ணீர் ஊற்றினால், அங்குள்ள அரைமதி வால்வின் மூன்று இதழ்களும் சின்னப் பைகளைப் போல நிரம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காது. அந்த இடத்தில் வகுப்பே எட்டிப் பார்க்கும். பிறகு இடது இதயவறையைப் பிளந்து, வால்வைப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்களை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். "தங்கூசி மாதிரி இருக்கு சேர்" என்றார் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர். மீன்பிடிக்கும் நைலோன் நூலைத்தான் தங்கூசி என்பார்கள். அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. இடது சுவரையும் வலது சுவரையும் விரலிடுக்கில் வைத்துத் தடிப்பைப் பார்த்தவர், உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளும் பக்கம் எது என்பதை மறக்கமாட்டார்.

பிளாஸ்டிக் மாதிரிகளில் எனக்குள்ள குறை, எல்லா உடம்பும் ஒன்று என்று அவை நம்ப வைப்பதுதான். பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள். பலருக்கு நடுவில் ஒரு நாண் எழும்பி நிற்கும். சிலருக்கு அந்த நாணுக்குரிய தசையே கிடையாது, ஆனாலும் கையில் எந்தக் குறையும் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் "எனக்கு இல்லையே!" என்று பதறுவார். நூல் சொல்லாத உடம்பும் நலமான உடம்புதான் என்று அப்போது விளங்கும்.

முப்பரிமாணச் செயலிகள் நல்லவை, வீட்டில் பார்க்கட்டும். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் புத்தகமும் போனும் மூடியிருக்க, முந்தைய பாடத்தை நினைவிலிருந்து வரைய வேண்டும். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, விடுபட்டது எது என்று வரைந்தவருக்கே தெரிந்துவிடும்.

பரீட்சையையும் மாற்றிவிட்டேன். இதயத்துடிப்பை எங்கே கேட்பீர்கள் என்று எழுதச் சொல்வதில்லை. மார்பெலும்பின் மேட்டைத் தடவி இரண்டாம் விலாவைப் பிடித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு இறங்கி, இடது ஐந்தாம் விலா இடைவெளியில் விரலை நிறுத்த வேண்டும். விரல் சரியான இடத்தில் நின்றால் முழுப் புள்ளி. லத்தீன் பெயரில் எழுத்துப்பிழை விட்டால் நான் புள்ளி குறைப்பதில்லை.