உப்புக் காற்றில் எஸ்.எம்.டி. சால்டரிங்: பழைய கணினிக்குப் புது போர்டு செய்வோர் கவனத்துக்கு

பழைய கணினியில் நாமே செய்து செருகிய மெமரி போர்டு பங்குனி, சித்திரையில் ஒழுங்காக ஓடும்; இடவப்பாதி (ஜூன்) மழை பிடித்ததும் தடுமாறும். கணினியைப் போட்டால் மெமரி டெஸ்ட் பாதியில் நிற்கும். அரை மணி நேரம் ஓடிச் சூடானால் தானாகச் சரியாகும். ஐ.சி. போய்விட்டது என்று புதிதாக வாங்கி மாற்றினால் கொஞ்ச நாள் சரி, ஆடிச் சாரலில் மறுபடி அதே கதை. குமரிக் கடற்கரையில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இது அடிக்கடி நடக்கும். கடற்காற்று எட்டும் நாகர்கோவிலும் தக்கலையும் விதிவிலக்கல்ல. இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஐ.சி. அல்ல, பற்றவைக்கும்போது பூசிக் கழுவாமல் விட்ட பேஸ்ட் (ஃப்ளக்ஸ்).

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். நம் மழைமாதங்களில் அந்த அளவு சாதாரணம். 0.5 மி.மீ. பிட்ச் (ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு உள்ள தூரம்) உள்ள ஐ.சி.யில் இரண்டு கால்களுக்கு நடுவே கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் வெளி. அந்த இடுக்கில் பேஸ்ட் கசடு, உப்பு, ஈரம் மூன்றும் சேர்ந்து, மேலே 5 வோல்ட்டும் நின்றால் மின்சாரம் கசியும். நாளடைவில் உலோகம் கரைந்து, ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குப் பாசி படர்வதுபோல் இழை வளரும்.

எக்ஸ்.டி., 286 என்ற 1980களின் கணினிகளுக்கான மெமரி போர்டு, காம்பேக்ட் பிளாஷ் போர்டு, சவுண்ட் போர்டு என்று பல வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறும் போர்டை அச்சிடக் கொடுத்து வாங்குவதும் எளிது. துளையில் செருகாமல் போர்டின் மேற்பரப்பிலேயே நிற்கும் சிறு பாகங்களை (எஸ்.எம்.டி.) வைத்துப் பற்றவைப்பதில்தான் காரியம் கெடுகிறது. போர்டு போனால் இன்னொன்று செய்யலாம்; அதைச் செருகும் நாற்பது வயதுக் கணினி போனால் போனதுதான்.

பற்றவைக்கும் ஈயக் கம்பியை 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37) கலவையில், 0.5 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். இது 183 டிகிரியில் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். ஈயமில்லாத கம்பி உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். பழகாத கைக்கு அது தொல்லை. அயர்ன் வெப்பக் கட்டுப்பாடு உள்ளதாக, எர்த் உள்ள மூன்று பின் பிளக்குடன் இருக்கட்டும். முனையில் 320 முதல் 350 டிகிரி போதும். ஊசி முனை சிறு பாகங்களுக்கு ஏற்றது என்று நினைப்பது பெரிய தப்பு. ஊசி நுனியில் சூடு நிற்காது. அழுத்தித் தேய்க்கத் தோன்றும், பேட் (கால் உட்காரும் செம்புத் திட்டு) உரிந்து வரும். 2 மி.மீ. உளிமுனையோ கத்திமுனையோ வாங்குங்கள்.

பேஸ்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ரேடியோ கடையில் தகர டப்பாவில் கிடைப்பது வயர் பற்றவைக்கத்தான். குழாய் வேலைக்கு விற்கும் துத்தநாகக் குளோரைடு கலந்த அமிலப் பேஸ்ட்டைப் போர்டின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். மொபைல் பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் சிரிஞ்ச் ரோசின் (பைன் மரப் பிசின்) பேஸ்ட் 10 கிராம் வாங்கினால் பல போர்டுக்கு வரும். கூடவே 2 மி.மீ. செம்பு விக் (உபரி ஈயத்தை உறிஞ்சும் பின்னல் நாடா) ஒரு சுருள், 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கால் லிட்டர்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். காற்று பலமான ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் சன்னலையும் சாத்த வேண்டும், 1.6 மி.மீ. நீளக் கெப்பாசிட்டர் காற்றில் பறந்தால் தேடிக் கிடைக்காது. ஆனால் ரோசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டும். ஆகவே சிறு கணினி ஃபேன் ஒன்றைப் புகையை வெளியே இழுக்கும்படி, முகத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஈயம் உடம்பில் ஏறுவது பெரும்பாலும் கைவழியாக. டீயும் பழம்பொரியும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு.

முதலில் நுண்ணிய கால் உள்ள ஐ.சி., பிறகு மற்ற ஐ.சி.க்கள், அடுத்து சில்லறைப் பாகங்கள், கடைசியில் கனெக்டர்கள். உயரமான பாகத்தை முதலில் வைத்துவிட்டால் அயர்னை நீட்ட இடம் இருக்காது. தொடங்குமுன் ஸ்லாட்டில் செருகும் தங்க விரல்களின் (போர்டின் ஓரத்தில் உள்ள தங்கமுலாம் தொடுபட்டைகளின்) மேல் காப்டன் எனும் சூடு தாங்கும் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே ஒரு சொட்டு ஈயம் தெறித்தாலும் கணினியின் ஸ்லாட்டுக்குள் இருக்கும் உலோக நாக்கைக் கெடுத்துவிடும்.

உதாரணத்துக்கு எக்ஸ்.சி.9572எக்ஸ்.எல். என்ற 64 கால் ஐ.சி. நாலு பக்கமும் பேட் மேல் மெல்லிய பேஸ்ட் பூசி, ட்வீசரால் ஐ.சி.யை வையுங்கள். முதல் காலின் புள்ளியைப் போர்டில் உள்ள குறியோடு ஒப்பிடுங்கள், சில ஐ.சி.யில் வார்ப்பு அச்சின் குழிகளும் புள்ளிபோல் தெரிந்து ஏமாற்றும். அயர்ன் நுனியில் துளி ஈயம் எடுத்து ஒரு மூலைக் காலை மட்டும் தொடுங்கள். நாலு பக்கமும் கால்கள் பேட்டின் நடுவில் நிற்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். கோணலாக இருந்தால் அந்த ஒரு காலைச் சூடாக்கித் திருப்பலாம். இரண்டாவது மூலையையும் பிடித்த பிறகு திருப்பினால் கால் வளையும். எதிர்மூலையையும் பிடித்ததும் கால்கள் மூழ்கும் அளவுக்குப் பேஸ்ட் போட்டு, முனையில் சிறிது ஈயம் ஏந்தி, கால்களின் நுனியை ஒட்டி நிதானமாக ஒரே இழுப்பு. பேஸ்ட் காயாதவரை ஈயம் தானே பேட்டைத் தேடிப் போகும். பேஸ்ட் கருகிவிட்டால் ஈயம் வாலாக நீண்டு, பக்கத்துக் கால்களை இணைக்கும் பிரிட்ஜ் விழும்.

பிரிட்ஜ் விழுந்தால் பதற வேண்டாம். மறுபடி பேஸ்ட், துடைத்த சுத்தமான முனை, கால்களிலிருந்து வெளிப்பக்கமாக ஓர் இழுப்பு. பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் விக். ஆறிய விக்கைப் பிடுங்காதீர்கள், பேட்டும் சேர்ந்து வரும். அயர்னையும் விக்கையும் ஒன்றாகத் தூக்க வேண்டும்.

கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்) கால்கள் தனி ரகம். பெரிய செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும். மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் டிரை சால்டராக (சரியாகப் பிடிக்காத ஈயமாக) இருக்கும். அங்கே இரண்டு, மூன்று விநாடி கூடுதலாக நில்லுங்கள். செராமிக் கெப்பாசிட்டரின் உடம்பில் அயர்ன் படக்கூடாது. அதன் உலோக முனையிலும் பேட்டிலும் மட்டும் சூடு கொடுங்கள். கீறல் விட்ட கெப்பாசிட்டர் உடனே காட்டிக்கொடுக்காது. ஸ்லாட்டில் அழுத்திச் செருகும்போது போர்டு வளைய, அன்றைக்கு ஷார்ட் ஆகும். டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ், அலுமினியக் கெப்பாசிட்டரில் கோடு நெகட்டிவ். இதை மாற்றி வைத்து டான்டலத்தைத் தீப்பற்ற வைத்தவர்கள் நிறைய. 1117 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் அகலத் தகடு கிரவுண்ட் அல்ல, அவுட்புட். அதிலிருந்து கிரவுண்டுக்கு ஈயம் வழிந்தால் 3.3 வோல்ட் எழும்பவே எழும்பாது.

கழுவுவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பஞ்சில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் கசடு இடம் மாறுமே தவிரப் போகாது. அயர்னை அணைத்துவிட்டு, போர்டைச் சாய்த்துப் பிடித்து, ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றி, பழைய பல்துலக்கியால் கால்களின் போக்கிலேயே தேயுங்கள். அழுக்கு வழிந்ததும் புது ஆல்கஹாலில் இன்னொரு முறை. இரண்டாவது கழுவலைச் சோம்பலால் விடுபவர்களுக்குத்தான் ஆடியில் வேலை வருகிறது. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். தின்னர் பிளாஸ்டிக் கனெக்டரைத் தின்றுவிடும். மிதமான சூட்டில் ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். மொட்டை மாடியில் காயவைப்பது உப்பைத் திரும்பக் கூப்பிடுவதற்குச் சமம்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் வகையே போதும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் ஒவ்வொரு காலையும் மெல்லத் தள்ளினால், ஈயம் ஏறாத கால் அசைந்து காட்டும்.

மல்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். எண் மெதுவாக ஏறினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, நல்லது. ஒன்றிரண்டு ஓமிலேயே நின்றால் ஷார்ட். 8 பிட் ஐ.எஸ்.ஏ. (அந்தக் காலக் கணினிகளின் ஸ்லாட் வகை) போர்டில் பி வரிசைத் தங்க விரல்களில் பி3, பி29 ஐந்து வோல்ட். பி1, பி10, பி31 கிரவுண்ட். பி9இல் 12 வோல்ட், அதற்கு அடுத்ததே கிரவுண்ட். இந்த இரண்டு விரலுக்கு நடுவே கட்டாயம் பாருங்கள்.

முதல் மின்சாரம் கணினியிலிருந்து வரக்கூடாது. மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டை 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். முழு ஷார்ட்டாக இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. ரெசிஸ்டரின் குறுக்கே 1 வோல்ட் காட்டினால் போர்டு 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று பொருள். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உடனே எடுத்துவிட்டு, விரல் வைத்துச் சூடான பாகத்தைத் தேடுங்கள்.

எல்லாம் சரியானால், தங்க விரல்களையும் கனெக்டரையும் டேப்பால் மறைத்து, அக்ரிலிக் ஸ்பிரே மெல்லிசாக இரண்டு பூச்சு. கழுவாத போர்டின் மேல் அடிக்காதீர்கள், கசடை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். உபரி போர்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஜிப் கவரில் வையுங்கள். துலாமழை (ஐப்பசி மழை) முடியும்வரை கணினியைச் சும்மா போட்டுவைக்காமல் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஏறும் சூடே ஈரத்தை விரட்டும்.